எழுபத்தெட்டாம் தீர்க்கரேகையும் சூழல் மாறிகளும்

ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்வோர் ஜூஜூவாடியைத் தாண்டியதும் மாநிலம் மாறுவதை உடனே உணர்வர். கடைப்பலகைகளின் எழுத்து மாறும். பேருந்தின் நிறம் மாறும். அதே நெடுஞ்சாலையில் கிழக்கே கிருஷ்ணகிரி நோக்கிச் செல்வோர் சூளகிரிப் பக்கம் இன்னோர் எல்லையைக் கடக்கின்றனர். அதனை ஒருவரும் அறிவதில்லை. அங்கே பலகையும் இல்லை, சாவடியும் இல்லை. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை அவ்விடத்தை ஒட்டி வடக்குத் தெற்காகச் செல்கிறது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய தலப்பட வரிசையில் இக்கோட்டிற்கு மேற்கேயுள்ள ஓசூர் 57 ஹெச் என்னும் தாளிலும், கிழக்கேயுள்ள கிருஷ்ணகிரி 57 எல் என்னும் தாளிலும் அடங்கும். இன்று பெரிதும் வழங்கும் யூ.டி.எம். என்னும் கோட்டுச்சட்ட முறை, பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பகுக்கிறது. 72 முதல் 78 பாகை வரை 43ஆம் மண்டலம். 78 முதல் 84 வரை 44ஆம் மண்டலம். ஆகவே 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டம், பிறக்கும்போதே இரண்டு மண்டலங்களில் கால் வைத்துப் பிறந்தது எனலாம்.

நிலப்பட மென்பொருளைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று பெரியோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடை நடுகற்களில் இருக்கிறது.

இம்மாவட்டம் நடுகற்கள் செறிந்த பகுதி. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் சில காக்கப்பட்டுள்ளன. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் இன்றும் நிற்பவை பல. ஓசூரில் 1970களில் கால்கொண்ட சிப்காட் தொழிற்பேட்டை இன்று சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என விரிந்துள்ளது. தொழில் வளர்வதை நாம் வரவேற்கிறோம். நம் மாணவர் பலருடைய இல்லங்களில் அடுப்பெரிவது அதனால்தான். ஆனால் நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரம் கல்வெட்டு வாசிக்காது. கல் எங்கே நிற்கிறது என்பதை முன்கூட்டியே பிழையின்றிக் குறித்து வைத்தாலன்றி அதனைக் காக்க வழியில்லை.

அந்நோக்கத்தோடு நம் மாணவர் இரு குழுக்களாகப் புறப்பட்டனர். ஒரு குழு ஓசூர், பாகலூர்ப் பக்கம். மற்றொன்று கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம். கைப்பேசிச் செயலி காட்டிய யூ.டி.எம். எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வந்தனர். கிழக்குத் தொலைவு என்னும் எண் ஓசூர்ப் பக்கம் 8 இலட்சத்து 7 ஆயிரம் மீட்டர் அளவிலும், கிருஷ்ணகிரிப் பக்கம் 1 இலட்சத்து 97 ஆயிரம் மீட்டர் அளவிலும் இருந்தது. இரண்டையும் ஒரே அட்டவணையாகச் சேர்த்தபோது, மண்டல எண்ணுக்குரிய பத்தி வீண் என்று கருதி நாமே அதனை நீக்கினோம். பின்னர் கியூஜிஐஎஸ் மென்பொருளில் அட்டவணையை ஏற்றி, 43ஆம் மண்டலம் எனக் குறித்தோம். ஓசூர்க் கற்கள் ஓசூரில் நின்றன. கிருஷ்ணகிரிக் கற்கள் யாவும் சுமார் 650 கிலோமீட்டர் மேற்கே, அரபிக்கடலின் நடுவே நின்றன. "வீரர்கள் கப்பலேறிவிட்டார்கள், ஐயா" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. கடலில் விழுந்ததால் பிழை கண்ணில் பட்டது. சில நூறு மீட்டர் மட்டும் பிசகியிருந்தால் யார் கண்டிருப்பார்?

நிகழ்ந்தது என்ன என்பதை விளக்குவோம். ஒவ்வொரு மண்டலத்திற்கும் நடுக்கோடு ஒன்றுண்டு. 43க்கு அது 75 பாகை. 44க்கு 81 பாகை. அந்நடுக்கோட்டுக்கு 5 இலட்சம் மீட்டர் என்னும் மதிப்பை இட்டு, கிழக்கே கூட்டியும் மேற்கே குறைத்தும் எண்ணுவர். ஓசூர் 75ஆம் பாகைக்குக் கிழக்கே ஏறத்தாழ 3 இலட்சம் மீட்டர். கிருஷ்ணகிரி 81ஆம் பாகைக்கு மேற்கே ஏறத்தாழ 3 இலட்சம் மீட்டர். எண் மட்டும் இடத்தைச் சொல்லாது. எங்கிருந்து எண்ணினோம் என்பதும் சேர்ந்தே இடத்தைச் சொல்லும்.

இங்கே மாணவர் பெரிதும் மயங்கும் இரண்டு கட்டளைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு படலம் எந்தக் கோட்டுச்சட்டத்தில் உள்ளது என மென்பொருளுக்கு அறிவிப்பது ஒன்று. ஒரு கோட்டுச்சட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது வேறொன்று. முன்னதனை 'செட் லேயர் சி.ஆர்.எஸ்.' என்றும், பின்னதனை 'ரீப்ராஜெக்ட் லேயர்' என்றும் கியூஜிஐஎஸ் குறிக்கிறது. கன்னட ஓலை ஒன்றின் மேல் "இது தமிழ்" என்று சீட்டு ஒட்டிவிட்டால் ஓலை தமிழாகிவிடாது, மொழிபெயர்த்தால்தான் தமிழாகும். சீட்டு ஒட்டுவது முன்னது, மொழிபெயர்ப்பது பின்னது. பிழையான சீட்டை ஒட்டிவிட்டுப் பிறகு மொழிபெயர்த்தால் பிழை இரட்டிக்கும். நாம் செய்தது பிழையான சீட்டு.

சீட்டுகளுக்கு எண்கள் உண்டு. 43ஆம் வட மண்டலத்திற்கு 32643, 44க்கு 32644, பாகையளவில் எழுதும் முறைக்கு 4326. நம் பகுதிபோல் இரு மண்டலங்களில் கிடக்கும் நிலத்திற்குக் களக்குறிப்புகளை 4326இல் பாகையாகவே வைத்துக்கொள்வது நலம் என்பது நம் கருத்து. நீளம், பரப்பு முதலியவற்றை அளக்கும்போது மட்டும் மாவட்டம் முழுமைக்கும் ஒரு மண்டலத்தைத் தேர்ந்து, அதனைக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். கிருஷ்ணகிரியை 43இல் வைத்து அளந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவே மிகும். நடுகல் தேடுவோர்க்கு அது பொருட்டன்று. பட்டா நிலம் அளப்போர்க்குப் பொருட்டே.

பாகையிலும் ஒரு பள்ளம் உண்டு. அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையை அடுத்தும் சொல்வது வழக்கம். மென்பொருளோ எக்ஸ் என்னும் கட்டத்தில் தீர்க்கரேகையையும் ஒய் என்னும் கட்டத்தில் அட்சரேகையையும் கேட்கிறது. மாற்றியிட்டால் 12.7, 77.8 என்னும் ஓசூர், ஐரோப்பாவுக்கு வடக்கே சுவால்பார்டுத் தீவுகளை ஒட்டிய பனிக்கடலில் போய் விழும்.

இனிச் சூழல் மாறிகளுக்கு வருவோம். 'என்விரான்மென்ட் வேரியபிள்' என்பதன் தமிழாக்கம் இது. மாறி என்பது கணிதப் பாடநூலில் நமக்குப் பழகிய சொல். ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவே. ஊருக்குப் புறப்படும் பிள்ளையிடம் "மாமா வீடு இன்ன தெருவில் இருக்கிறது" என்று வாசலில் சொல்லியனுப்புவோம் அல்லவா? கணினியின் இயக்க முறைமை, ஒரு மென்பொருள் தொடங்கும் நொடியில் இத்தகைய குறிப்புகளை அதன் கையில் கொடுத்தனுப்புகிறது. பிள்ளை புறப்பட்ட பின் நாம் வீட்டிலிருந்து மாற்றிச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. ஆகவேதான் மாறியைத் திருத்திய பின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டியிருக்கிறது. இதனை அறியாமல் "திருத்தியும் பயனில்லை" என்று கைவிட்டோர் பலர்.

நிலப்படத் துறையில் முதன்மையான மாறிகள் சில. 'பாத்' என்பது செயல்நிரல்களைத் தேடவேண்டிய கோப்புறைகளின் வரிசை. 'ஜிடால் டேட்டா' என்பது பலவகைப் படக்கோப்புகளை வாசிக்கும் ஜிடால் நூலகத்தின் துணைக்கோப்புகள் இருக்குமிடம். 'ப்ராஜ் லிப்' என்பது கோட்டுச்சட்டங்களை மாற்றிக் கணிக்கும் ப்ராஜ் நூலகத்தின் தரவுகள் இருக்குமிடம். 2022இல் வந்த 9.1 பதிப்பு முதல் இதற்கு 'ப்ராஜ் டேட்டா' என்று பெயர். மேற்சொன்ன 32643 போன்ற எண்களின் பொருள் யாவும் அங்குள்ள 'ப்ராஜ் டி.பி.' என்னும் ஒரே கோப்பில் அடங்கியுள்ளது. நிகண்டு தொலைந்தால் சொற்பொருள் தெரியாததுபோல், அக்கோப்புக் கிடைக்காவிடில் மென்பொருளுக்கு எண்கள் வெறும் எண்களே.

நம் ஆய்வகக் கணினி ஒன்றில் இதுவே நேர்ந்தது. 32643 என்று இட்டால் அறியாத எண் என்றது. கோப்பு வேறொரு நிறுவலைச் சேர்ந்தது, பதிப்புப் பொருந்தவில்லை என்றும் முறையிட்டது. மென்பொருளை இருமுறை நீக்கி மீண்டும் நிறுவினோம், பயனில்லை. இறுதியில் காரணம் வேறிடத்தில் இருந்தது. முன்பு நிறுவிய தரவுத்தள மென்பொருள் ஒன்று, தன்னுடைய பழைய ப்ராஜ் கோப்புறையைக் கணினி முழுமைக்குமான 'ப்ராஜ் லிப்' மாறியாக எழுதி வைத்திருந்தது. புதிய விருந்தாளிக்குப் பழைய முகவரி! விண்டோஸ் தேடற்கட்டத்தில் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' என்று தட்டினால் வரும் சாளரத்தில், பயனருக்குரிய பட்டியல், கணினி முழுமைக்குமான பட்டியல் என இரண்டு உண்டு. மதிப்பைக் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டு, இரண்டாம் பட்டியலிலிருந்து அம்மாறியை நீக்கினோம். மூடித் திறந்ததும் எண் உயிர்பெற்றது. படியெடுக்காமல் நீக்குவது தகாது. அந்தத் தரவுத்தளத்திற்கு அது தேவைப்படலாம்.

கணினி முழுவதையும் தொடாமல் கியூஜிஐஎஸ் ஒன்றுக்கே மாறி அமைக்கவும் இடமுண்டு. 'செட்டிங்ஸ்' பட்டியலில் 'ஆப்ஷன்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதனுள் 'என்விரான்மென்ட்' என்னும் பகுதி. இருப்பதை மாற்றியெழுதவோ, இல்லாவிடில் மட்டும் எழுதவோ, இருப்பதற்கு முன்னோ பின்னோ சேர்க்கவோ அங்கே தேர்ந்துகொள்ளலாம். பலர் பகிரும் கல்லூரிக் கணினிக்கு இவ்வழியே ஏற்றது.

தமிழுக்குரிய சிக்கல் ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. ஷேப் கோப்பு என்னும் பழைய வடிவில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்டுகளே இடம். யூனிகோடு யூ.டி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 'ஊர்' என்னும் சொல் மூன்று குறியீடு, ஒன்பது பைட்டு, உள்ளே நுழையும். 'பெயர்' நுழையாது. உள்ளடக்கமும் கேள்விக்குறிகளாகத் தோன்றினால், எழுத்து முறையை யூ.டி.எஃப். 8 என்று படலத்தின் பண்புகளிலோ 'ஷேப் என்கோடிங்' என்னும் மாறியிலோ அறிவிக்க வேண்டும். ஜியோபேக்கேஜ் வடிவில் இத்தொல்லை இல்லை. நாம் அதற்கு மாறிவிட்டோம். ஓசூர், ஒசூர், ஹோசூர் என மூவகையாக எழுதும் நம் பழக்கத்திற்குத்தான் எந்த மாறியும் மருந்தாகாது. ஊரார் 'நடுகல்' என்னாமல் 'வேடியப்பன்' என்று வழிபடும் கற்களுக்கும் அப்பெயருக்கெனத் தனிப் பத்தி வைத்தோம்.

இறுதியாக, கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சில நூறு மீட்டர். பூமியின் வடிவை அளக்கும் முயற்சி நெடிது. பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி நந்தனாக் கோட்டையருகே மலையுச்சியிலிருந்து தொடுவானத்தின் தாழ்கோணத்தை அளந்து பூமியின் ஆரத்தைக் கணித்தார். வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பணி, பின்னர் இதே 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டியே குமரியிலிருந்து வடக்கே நீண்டது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமி வடிவின் மேல்தான் நம் பழைய தலப்படங்கள் வரையப்பட்டன. கைப்பேசியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறொரு வடிவைக் கொள்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைதான் பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு மாற்றியது. இரண்டிலும் ஒரே பாகை எண்ணை இட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் கூடுதலாக இடம் பிசகும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. இந்திய நிலத்தட்டே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்வதால், நுண்ணிய அளவைக்கு இன்று பொழுதையும் குறிக்க வேண்டியிருக்கிறது.

மூத்த ஆர்வலர் ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் தலப்படத்தைப் பார்த்து எழுதிய குறிப்பைக் கொண்டு, சூளகிரிக்கு அப்பால் ஒரு கல்லைத் தேடிச் சென்றோம். கைப்பேசி காட்டிய இடத்தில் சமன் செய்த செம்மண்தான் இருந்தது. கல் போயிற்று என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் திரும்பினோம். வாரங்கள் கழித்து எவரெஸ்ட் நினைவுக்கு வந்தது. அப்பெரியவரின் எண்களுக்கு உரிய சீட்டை இட்டு, முறைப்படி மாற்றிப் பார்த்தபோது புள்ளி இருநூறு மீட்டரளவு தள்ளி விழுந்தது. மறுநாளே சென்றோம். கட்டப்பட்டுவரும் சுற்றுச்சுவருக்கு வெளியே, இரண்டடி தள்ளி, வேலிமுள் மூடிக் கல் நின்றது. முந்தைய பதிவை மாணவர் அடித்துத் திருத்தினர். எண்ணுக்கு அருகில் 4326 என்றும், நாள், மாதம், ஆண்டும் எழுதினர்.