மைக் இருக்கு, குரலைக் காணோம்: லினக்ஸில் ஒலிப்பதிவு

போன விடுமுறையில் குளுவாங்கில் என் தாத்தா பாடிய தேவாரங்களை என் லேப்டாப்பில் பதிவு செய்தேன். தாத்தாவுக்கு 84 வயது. பால்மரம் சீவிய காலத்திலேயே தோட்டத்துக் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்தவர். வரிகள் புத்தகத்தில் இருக்கின்றன. அவர் எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்பது அவர் தொண்டையில்தான் இருக்கிறது. இந்த வருஷம் அவருக்கு மூச்சு வாங்குது. ஒரு பதிகம் முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அப்படியே நாற்பது நிமிஷம் பாடினார்.

ஸ்கூடாய்க்குத் திரும்பியதும், ஃபைல் சின்னதாகட்டும் என்று மோனோவாக மாற்றிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அத்தை உடனே கூப்பிட்டார். "என்னப்பா, உஸ்ஸுன்னு மட்டும்தான் கேக்குது, அப்பா எங்கே?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதிவு செய்யும்போது திரையில் அலை ஆடியதை நானே பார்த்தேனே!

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசில்லாமல் நம்மில் சிலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு பக்கம் வந்திருக்கிறோம். அதனால் நான் சோதித்துப் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். உங்கள் கோளாறு நடுவிலேயே பிடிபடலாம்.

முதல் கேள்வி, கணினிக்கு மைக் இருப்பதே தெரியுமா? டெர்மினலைத் திறந்து, ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் ஏ சேர்த்து ஒரே சொல்லாகச் சின்ன எழுத்தில் அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் எல் எழுத்தும் சேருங்கள். பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறது, பட்டியலில் மட்டும் மைக் இல்லை என்றால், இன்டெல் சிப் உள்ள புதிய லேப்டாப்களில் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் விடுபட்டிருக்கலாம். அந்தத் தொகுப்பை நிறுவி, மறுபடி துவக்கிப் பாருங்கள்.

பட்டியலில் இருந்தால் அடுத்தது ஆல்சாமிக்சர். டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால் திறக்கும். எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். எஃப்4 அழுத்தினால் பதிவுப் பக்கம் வரும். 'கேப்ச்சர்' அணைந்திருந்தால் ஸ்பேஸ் தட்டினால் போதும். பக்கத்தில் 'மைக் பூஸ்ட்' இருக்கும். ஆசைப்பட்டு முழுசா ஏத்தாதீங்க, குரலைவிட இரைச்சல்தான் கூடும்.

அதுவும் சரி என்றால் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்' என்ற சின்ன மென்பொருளை நிறுவுங்கள். மின்ட் 22 போன்றவற்றில் பல்ஸ்ஆடியோவின் இடத்துக்கு பைப்வயர் வந்துவிட்டாலும் இது அதனோடும் வேலை செய்யும். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதிலுள்ள 'ரெக்கார்டிங்' பக்கம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அங்கே ஏதாவது தெரியும். சும்மா திறந்து பார்த்துவிட்டு "காலியா இருக்கே" என்று மூடிவிடுவோம். பதிவை ஓடவிட்டுத் திறந்தால், எந்த மூலத்திலிருந்து ஒலி எடுக்கிறது என்று காட்டும். அங்கே 'மானிட்டர்' என்று இருந்தால், அது உங்கள் குரலை எடுக்கவில்லை, கணினியில் ஓடும் ஒலியைத்தான் எடுக்கிறது. எதுவும் ஓடவில்லை என்றால் ஒரு மணி நேரம் மௌனம் பதிவாகியிருக்கும்!

சட்டையில் குத்தும் மைக் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பாருங்கள். ஹெட்போனும் மைக்கும் ஒரே துளையில் சேரும் லேப்டாப்புக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பிளக் வேண்டும். கேமராவுக்கென்று விற்பதில் இரண்டுதான் இருக்கும். புளூடூத் ஹெட்செட்டில் மைக் வேண்டுமானால் 'ஹெட்செட்' நிலைக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் ஒலித்தரம் சட்டென்று இறங்கும். பாட்டுப் பதிவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

என் விஷயத்தில் இது எதுவுமே காரணமில்லை. இரவு ஒரு மணிக்கு மூல ஃபைலை ஆடாசிட்டியில் திறந்து, அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டீரியோவில் இரண்டு வரிசை. இடதில் அலை மேலே ஏறும் அதே நொடியில் வலதில் கீழே இறங்குகிறது. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி.

சில லேப்டாப்களில் உள்மைக்கின் ஒரு பக்கச் சிக்னல் தலைகீழாகத்தான் வருமாம். ஸ்டீரியோவாக இருக்கும்வரை கொஞ்சம் வெறுமையாகக் கேட்டாலும் குரல் இருக்கும். மோனோவாக்கும்போது மென்பொருள் இரண்டையும் கூட்டுகிறது. இந்தப் பக்கம் கூட்டல் ஐந்து, அந்தப் பக்கம் கழித்தல் ஐந்து, விடை பூஜ்யம். சம பலமுள்ள இரண்டு அணி கயிறு இழுத்தால் கயிறு நகராதே, அதேதான். இரு பக்கத்திலும் வேறுவேறாக இருக்கும் இரைச்சல் மட்டும் தப்பிக்கிறது. அத்தை கேட்ட "உஸ்" அதுதான். ஆன்லைன் வகுப்பில் பேசினால் யாருக்கும் கேட்காமல் போனதும் இதனால்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

குரல் அழியவில்லை! டிராக்கின் மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, ஒரு வரிசையை நீக்கினேன். தாத்தா பாடினார். அந்த ராத்திரியில் ஹாஸ்டலில் கத்த முடியாமல் தலையணையைக் கட்டிப்பிடித்துக் கொண்டேன்.

இனிமேல் வராமலிருக்க, வால்யூம் கண்ட்ரோலில் 'இன்புட் டிவைசஸ்' பக்கம் போய், பூட்டுப் படத்தை அழுத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து, வலதைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டேன். இன்னொன்று, மூல ஃபைலை அழிக்காதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மோனோ வேவ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 346 எம்பி, ஸ்டீரியோ என்றால் இரண்டு மடங்கு. ஒரு பென்டிரைவில் எவ்வளவோ அடங்கும். நான் மோனோவாக்கியதோடு மூலத்தை அழித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பெரியவர்களை உட்கார வைப்பதற்கு முன் பத்து நொடி பதிவு செய்து, மோனோவாக்கி, கைப்பேசியில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

திருத்திய ஃபைலை அனுப்பினேன். மறுநாள் தாத்தாவே கூப்பிட்டார். "மூணாவது பதிகத்துல தாளம் தப்பிடுச்சுய்யா. இதைப் போய் எல்லாருக்கும் அனுப்பியிருக்கே. வா, திரும்பப் பாடறேன்." சனிக்கிழமை காலை லார்கினில் பஸ் ஏறுகிறேன்.