காத்திருக்கத் தெரிந்த கூட்டம்: தொடர்பாடல் கருவி பயன்படுத்துவோரின் மன்றங்களும் சக வழிகாட்டலும்

வாய்ப்பேச்சால் மட்டும் தம் கருத்தை முழுமையாகச் சொல்ல இயலாதவர்கள், படப்பலகை, எழுத்துப் பலகை, கண்ணசைவால் இயங்கும் கணினி, தட்டிய சொற்களைக் குரலாக ஒலிக்கும் கருவி ஆகியவற்றின் துணையோடு பேசும் முறைகள் மாற்றுத் தொடர்பாடல் என்றும், ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.ஏ.சி. என்றும் வழங்கப்படுகின்றன. பெருமூளை வாதத்தோடு பிறந்தவர்கள், ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினர், பக்கவாதத்தாலோ இயக்க நரம்பு நோயாலோ பேச்சை இழந்தவர்கள் எனப் பலரும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். கருவியைத் தேர்ந்தெடுப்பது, நாற்காலியில் பொருத்துவது, சொற்களை ஏற்றுவது ஆகியவற்றுக்குக் கொட்டப்படும் உழைப்பில் சிறு பங்குகூட, அந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் யாரோடு பேசப் போகிறார் என்னும் கேள்விக்குச் செலவிடப்படுவதில்லை. வாங்கிய சில மாதங்களிலேயே கருவி அலமாரிக்குப் போய்விடும் வீடுகள் பல உண்டு. அவற்றில் கருவி நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்க, பேச்சுத் துணைதான் இல்லாமற் போயிருக்கும்.

இத்துறையின் முன்னோடி ஆய்வாளரான ஜானிஸ் லைட், மனிதர்கள் பேசுவதன் நோக்கங்களை 1988-இல் நான்காகப் பிரித்தார்: தேவைகளைக் கேட்டுப் பெறுவது, செய்தியைப் பரிமாறுவது, நெருக்கத்தை வளர்ப்பது, வணக்கம் நன்றி போன்ற சமூக மரியாதைகளைக் கடைப்பிடிப்பது. பயிற்சி அறைகளில் முதலாவது நோக்கமே பெரிதும் பழக்கப்படுகிறது; தண்ணீர் கேட்கவும் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லவும் கற்ற ஒருவர், தோழியின் புதுப் புடவையைப் பற்றி இரண்டு சொல் சொல்லக் கற்றிருப்பதில்லை. அடுத்த ஆண்டு லைட் வகுத்த மற்றொரு பகுப்பும் இங்கே உதவும். மொழியறிவு, கருவியை இயக்கும் திறன், சமூகத் திறன், இடையூறு வரும்போது சமாளிக்கும் உத்தித் திறன் ஆகிய நான்கும் சேர்ந்தாலே ஒருவர் தேர்ந்த பேச்சாளர் ஆகிறார் என்பது அதன் சாரம். முதல் இரண்டையும் பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லித்தர முடியும். பின்னிரண்டும், அதே நிலையில் வாழ்ந்து பழகியவரிடமிருந்தும் கூட்டத்தில் புழங்கியும் வருபவை.

சக வழிகாட்டி என்பவர் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறார். கருவியின் துணையோடு பல ஆண்டுகள் படித்து, வேலை பார்த்து, சண்டையிட்டு, சமாதானமாகி வாழ்ந்த ஒருவர், அந்தப் பாதையில் புதிதாக அடியெடுத்து வைக்கும் ஒருவருக்குத் துணை நிற்பதே சக வழிகாட்டல். பிரிட்டனில் ஒன்வாய்ஸ் என்ற அமைப்பு, கருவி பயன்படுத்தும் குழந்தைகளின் குடும்பங்களை ஒன்றுசேர்க்கும்போது, தாமும் கருவியால் பேசும் வளர்ந்தவர்களை முன்மாதிரிகளாக அக்குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தி வந்திருக்கிறது. தன்னைப் போலவே பேசும் ஒரு பெரியவரைப் பார்த்திராத குழந்தை, தானும் பெரியவளாகி இப்படியே பேசி வாழ முடியும் என்று எதைக் கொண்டு நம்பும்? பெற்றோருக்கும் அந்தச் சந்திப்பு மிகத் தேவையானது. எதிர்காலத்தைப் பற்றிய அவர்களுடைய அச்சத்தை மருத்துவரின் ஆறுதலைவிட, எதிரே அமர்ந்து தன் வேலையைப் பற்றிக் குறைகூறிக்கொண்டிருக்கும் ஒருவரின் இருப்பு விரைவாகத் தணிக்கிறது.

ஆயினும் கருவி பயன்படுத்துவதாலேயே ஒருவர் நல்ல வழிகாட்டி ஆகிவிடுவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லைட்டும் அவருடைய குழுவினரும் நடத்தி 2007-இல் வெளியிட்ட வழிகாட்டிப் பயிற்சித் திட்டம், கருவி பயன்படுத்தும் பெரியவர்களுக்கு இரண்டு திறன்களை இணையத்தின் வழியே கற்பித்தது. ஒன்று, எதிரில் இருப்பவரை மதித்துக் கேட்டு உறவை வளர்ப்பது. மற்றது, சிக்கலுக்குத் தீர்வைத் தாமே சொல்லிவிடாமல் இருவரும் சேர்ந்து தேடுவது. இரண்டாவது மிக முக்கியமானது. வாழ்நாள் முழுவதும் பிறர் சொன்னதையே கேட்டு வந்த இளைஞருக்கு அறிவுரை கூறும் இன்னுமொருவர் தேவையில்லை. கல்லூரி விடுதியில் சேரலாமா என்று அவர் கேட்டால், "சேருங்கள்" என்பதற்கு மாறாக, "இரவில் உதவிக்கு யாரை அழைப்பீர்கள், எப்படி அழைப்பீர்கள்" என்று கேட்டு, அவருடைய விடைக்காகப் பத்து நிமிடம் ஆனாலும் அமர்ந்திருப்பவரே பயன்படுவார்.

வழிகாட்டல் இருவருக்கிடையே நிகழ்வது; மன்றம் பலர் கூடுவது. மன்றத்தின் தேவையை விளக்க சாரா பிளாக்ஸ்டோனும் மேரி ஹண்ட் பெர்கும் 2003-இல் முன்வைத்த தொடர்பு வட்டங்கள் ஏற்றவை. குடும்பத்தார், நெருங்கிய நண்பர்கள், அக்கம்பக்கத்தாரும் தெரிந்தவர்களும், ஊதியம் பெற்று உதவுவோர், முன்பின் தெரியாதவர் என ஒருவரைச் சுற்றி ஐந்து வட்டங்கள் வரையப்படுகின்றன. கருவி பயன்படுத்தும் பலருக்கு முதலாம் வட்டமும் நான்காம் வட்டமும் நிறைந்திருக்க, நண்பர்களும் தெரிந்தவர்களும் இருக்க வேண்டிய இடைவட்டங்கள் ஏறத்தாழ வெறுமையாக இருப்பதைக் காணலாம். ஊதியத்துக்கு வருபவர் அன்பானவராக இருந்தாலும் மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். மன்றம் நிரப்ப முனைவது அந்த இடைவட்டங்களை என்பதால், அதைப் பேச்சுப் பயிற்சியின் நீட்சியாக அமைப்பது அடிப்படையிலேயே பிழை. இன்று எத்தனை சொற்கள் பேசினார் என்று குறிப்பேட்டில் எழுதும் கூட்டத்தில் எவருக்கும் நட்பு உண்டாவதில்லை.

அத்தகைய மன்றத்தின் உயிர்நாடி நேரம். இயல்பாகப் பேசுவோர் நிமிடத்துக்கு நூற்றைம்பது சொற்களுக்கு மேலும் பேசிவிடுகின்றனர். கருவி பயன்படுத்துவோரில் பலருடைய வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 15 சொற்களுக்குள் அடங்குகிறது. இந்த இடைவெளி ஓர் அறைக்குள் என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் ஒரு பெண் ஸ்கேனிங் முறையில் பேசுபவர்; அதாவது திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஒளிர, வேண்டிய வரி வரும்போது தலைக்கருகில் உள்ள ஸ்விட்சைத் தட்டுகிறார், பிறகு அந்த வரிக்குள் கட்டங்கள் ஒளிர, வேண்டிய கட்டத்தில் மறுபடி தட்டுகிறார். தேநீரில் சர்க்கரை அள்ளிக் கொட்டப்பட்டிருப்பதைக் கேலி செய்ய நினைத்து அவர் எழுத்துக் கூட்டத் தொடங்குகிறார். நான்கைந்து சொற்கள் சேர்வதற்குள் மற்றவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகின்றனர். விக்கெட்டைப் பற்றிய வாதத்தின் நடுவில் கருவி திடீரென்று "சர்க்கரை டப்பா காலியா?" என்று ஒலிக்க, அனைவரும் விழிக்கின்றனர், அருகிலிருக்கும் உதவியாளர் "அவங்களுக்கு இன்னும் சர்க்கரை வேணும்போல" என்று தவறாக விளக்கம் வேறு தருகிறார். நல்ல நகைச்சுவை ஒன்று, ஒரு கோரிக்கையாகச் சுருங்கி மடிகிறது.

இதைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. அவற்றைக் கண்டறிந்தவர்கள் கருவி பயன்படுத்துவோரே. "முன்னே பேசினதுக்கு ஒண்ணு சொல்லணும்" என்னும் தொடரை ஒரே தட்டலில் ஒலிக்குமாறு வைத்துக்கொண்டால், கேட்பவர்கள் பழைய பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். "இருங்க, இன்னும் முடிக்கலை", "நான் சொன்னது அது இல்லை", "சும்மா கிண்டல்தான்" ஆகிய தொடர்களும் அவ்வாறே முதல் பக்கத்தில் இருக்கத்தக்கவை. தான் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டக் கையை மேசைமேல் வைப்பது, சிறு விளக்கை ஏற்றுவது போன்ற ஓர் அடையாளத்தை மன்றத்தார் தமக்குள் ஒப்புக்கொண்டால், பேச்சு ஓரிடத்தில் நின்று காத்திருக்கிறது. அமைதி நிலவும்போது பேச்சுத் திறன் உள்ளவர்கள் அதை இட்டு நிரப்பத் துடிப்பது இயற்கை. நிரப்பாமல் இருப்பதுதான் மன்றத்தில் அவர்களுடைய முதற்கடமை. முடிக்கும் முன்பே சொல்லை ஊகித்துச் சொல்வதைச் சிலர் விரும்புகின்றனர், சிலர் அடியோடு வெறுக்கின்றனர். ஆகையால் ஒவ்வொருவரிடமும் கேட்டறிந்த பின்னரே அதைச் செய்தல் வேண்டும். கூட்டத்தின் பொருளை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், நீண்ட செய்திகளை வீட்டிலேயே எழுதிச் சேமித்து வரலாம். ஆயினும் எல்லாரும் எழுதிவந்ததை ஒலிக்கச் செய்து கலைந்தால் அது சொற்பொழிவு வரிசையாகிவிடும். உடனுக்குடன் பிறக்கும் பேச்சுக்குப் பாதி நேரமாவது ஒதுக்கப்பட வேண்டும்.

தமிழ் பேசுவோர் கூடும் மன்றங்களில் இதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய அவாஸ் என்னும் செயலி, அதே நகரின் வித்யாசாகர் நிறுவனத்தோடு இணைந்து வளர்ந்தது. கருவி தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு கருவியின் குரலில் அப்பட்டமாக வெளிப்படுகிறது. "நீ எப்பொழுது வருகிறாய்" என்று நண்பனிடம் ஒலிக்கும் குரல் செய்தி வாசிப்பாளரின் குரலாகிவிடுகிறது. இருபது வயது இளைஞர் அதைத் தம் குரலாக ஏற்கத் தயங்குவதில் வியப்பில்லை. "எப்ப வர்ற" என்று பேச்சு வழக்கிலேயே எழுதிச் சேமித்து, ஒலிக்கச் செய்து கேட்டு, உச்சரிப்பு சரிவரும்வரை எழுத்துக்களைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. இந்த நுணுக்கத்தைக் கையேடுகளில் தேடுவதைவிட, ஏற்கெனவே அதைச் செய்து பார்த்த ஒரு மூத்தவரின் கருவியை அருகிலமர்ந்து பார்ப்பது நல்லது. படப்பலகை பயன்படுத்துவோருக்கு வேறொரு தடை: "அக்கா", "சினிமா", "போ" என்று மூன்று படங்களைத் தொட்டால், போனதா போகப்போவதா என்பதை வினைச்சொல்லின் ஈறுதான் சொல்ல வேண்டும், அந்த ஈறோ பலகையில் இல்லை. கேட்பவர் தாமாக முடிவு கட்டாமல், "அக்காவோட சினிமாவுக்குப் போனீங்களா, போகப் போறீங்களா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தலையசைப்புக்குக் காத்திருந்து உறுதி செய்துகொள்வதே முறை. அப்போது "நீங்க" என்றே கேட்க வேண்டும். முப்பது வயதைக் கடந்தவரைக் கண்ணே, செல்லம் என்று அழைக்கும் வழக்கம் பரிவிலிருந்து பிறந்தாலும், அவரை மன்றத்தின் உறுப்பினர் என்ற இடத்திலிருந்து இறக்கிவிடுகிறது.

உதவியாளர்களைப் பற்றி உறுதியான விதி தேவை. கருவியைச் சரிசெய்யவும் தண்ணீர் கொடுக்கவும் அவர்கள் அருகில் இருக்கலாம். கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்லக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பகுதியாவது பெற்றோர் இல்லாமல் நடப்பதும் நல்லது. தாய் அருகிலிருக்கையில் எந்த மகனும் காதலைப் பற்றிப் பேசமாட்டான். வயதுவந்தவர் வாழ்க்கைக்குரிய சொற்கள் பலருடைய கருவிகளில் இல்லாமையை, பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டயான் பிரையனின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. உடலுறுப்புகளின் பெயர்கள், பணம், வேலை, உறவு, தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைச் சொல்லும் சொற்கள் ஆகியவை இல்லாதவர் துன்புறுத்தப்பட்டால் முறையிடவும் வழியற்றவராகிறார். இச்சொற்களை ஏற்றுவதற்குக் குடும்பத்தார் கூச்சப்படும் இடங்களில், மன்றத்தின் மூத்த உறுப்பினர்களே அதை எடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

சக்கர நாற்காலி நுழையும் வாசல், கழிப்பறை, மின்னேற்ற வசதி, கருவி நின்றுபோனால் கைக்கு எட்டும் எழுத்துப் பலகை ஆகியவை இல்லாத இடத்தில் கூட்டமே நடத்தக் கூடாது.

நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு மன்றத்தின் தன்மை அமையும். கருவி பயன்படுத்துவோரின் வேலைவாய்ப்புக்காகவே பிட்ஸ்பர்க் நகரில் 1990-களில் தொடங்கப்பட்ட மாநாட்டில் அவர்கள் மேடையேறிப் பேசினர். மும்பையில், லைட்ரைட்டர் என்னும் தட்டச்சுக் கருவியைப் பயன்படுத்தி வந்த மாலினி சிப், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக் குழுவொன்றை நிறுவி வழிநடத்தினார். விரல் ஒன்றாலேயே தட்டி எழுதிய தன்வரலாற்றை 2010-இல் வெளியிட்டார். பேசுவோர் நடத்த, கருவி பயன்படுத்துவோர் விருந்தினராக வந்துபோகும் மன்றங்கள் நல்லெண்ணத்தோடு தொடங்கி, அமைப்பாளர் ஊர்மாறியதும் நின்றுவிடுகின்றன. தலைவரும் பொருளாளரும் கருவி பயன்படுத்துவோராக இருந்தால் கூட்டக் குறிப்பு எழுதவே ஒரு வாரம் ஆகலாம். ஆகட்டும்.

வழிகாட்டிகளுக்கு ஊதியம் கொடுப்பது இன்னும் தயக்கத்தோடே பேசப்படுகிறது. சிகிச்சையாளருக்கு மணிக்கணக்கில் கட்டணம் தரும் நிறுவனங்கள், அதே குழந்தைக்காக அதே அறையில் இரண்டு மணி நேரம் உழைக்கும் வழிகாட்டிக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுகின்றன. 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில், கல்வியைப் பற்றிய 24-ஆம் பிரிவு மாற்றுத் தொடர்பாடல் முறைகளைக் கற்பதற்கு வழிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கும் அதே வாக்கியத்தில், சக ஆதரவுக்கும் வழிகாட்டலுக்கும் வழிசெய்யுமாறு பணிக்கிறது. இந்தியா அதை 2007-இல் ஏற்றது; 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மாற்றுத் தொடர்பாடல் முறைகளைத் தகவல் தொடர்பு என்பதன் வரையறைக்குள் சேர்த்துள்ளது. எனவே சிறப்புப் பள்ளிகளும் மறுவாழ்வு மையங்களும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கருவிக்கும் சிகிச்சைக்கும் ஒதுக்குவதுபோலவே, வழிகாட்டியின் ஊதியத்துக்கும் அவருடைய போக்குவரத்துச் செலவுக்கும் தனி இனம் ஒதுக்கக் கேட்பதற்கு மன்றங்களுக்கு முழு நியாயம் உண்டு.