கோட்டோவியத்தின் கண்ணீர்

நுழையும்முன்

திரையில் மனிதர் அழுதால் நம் கண்களும் கலங்குகின்றன. வெறும் கோட்டாலும் வண்ணத்தாலும் ஆன உருவம் அழுதால் நம் நெஞ்சம் நெகிழுமா? இவ்வினாவுக்கு விடையாக 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஓடிய அந்த இசைச்சித்திரம், தேவதைக் கதை ஒன்றை உலகின் பொதுச்சொத்தாக்கியது. அதன் ஈர்ப்பு எதில் உள்ளது என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

ஏளனத்துக்கு உள்ளான முயற்சி

ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்து, அவை அசைவதுபோல் காட்டும் கலையே அசைவூட்டக் கலை. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் நிறுவனம் உருவாக்கிய அசைவூட்டப் படங்கள் ஏழெட்டு நிமிடங்களே ஓடின. முதன்மைப் படத்திற்கு முன்னர்க் காட்டப்படும் சிரிப்புத் துணுக்குகளாகவே அவை கருதப்பட்டன.

1934ஆம் ஆண்டு ஒருநாள் மாலையில் டிஸ்னி தம் ஓவியர்களை ஒன்றுகூட்டி, 'ஸ்நோ ஒயிட்' கதை முழுவதையும் தாமே நடித்துக் காட்டினார். இளவரசியாகக் குழைந்தார், அரசியாகச் சீறினார், ஏழு குள்ளர்களாகவும் மாறினார். இதனை முழுநீளப் படமாக எடுக்கப்போவதாக அறிவித்தபோது திரையுலகம் நகைத்தது. 'டிஸ்னியின் அசட்டுத்தனம்' என்றே அம்முயற்சிக்குப் பெயரிட்டது. சிரிப்பூட்டும் சித்திரத்தை எண்பது நிமிடம் யார் பொறுமையாகப் பார்ப்பார் என்பதே பலரின் ஐயம்.

ஐயத்துக்குக் காரணம் இருந்தது. அது பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலம். இரண்டரை இலட்சம் டாலர் என மதிப்பிடப்பட்ட செலவு, ஏறத்தாழ 15 இலட்சம் டாலராக உயர்ந்தது. படத்தை முடிக்க வங்கிக் கடனை நாட வேண்டியிருந்தது. படம் தோற்றால் நிறுவனமே மூழ்கிவிடும் என்னும் நிலை.

கதை பெற்ற புதுவடிவம்

ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் உடன்பிறப்புகள் 1812இல் வெளியிட்ட நூலில் இக்கதை இடம்பெற்றுள்ளது. அழகில் தன்னை விஞ்சிய சிறுமியைக் கொல்லத் துடிக்கும் அரசி, காட்டில் அடைக்கலம் தரும் ஏழு குள்ளர்கள், நஞ்சூட்டிய ஆப்பிள், கண்ணாடிப் பேழை என்பன இதன் கூறுகள்.

கதையை அப்படியே எடுத்தாளாமல், தம் கலைக்கேற்பச் செதுக்கினர் படக்குழுவினர். மூலக்கதையில் மாறுவேடத்தில் மூன்றுமுறை வரும் அரசி, படத்தில் ஒருமுறையே வருகிறாள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியுடன் ஆடி மடியும் அவளது முடிவு, இடியும் மழையும் சூழ்ந்த மலையுச்சியிலிருந்து விழும் காட்சியாக மாறியது.

எல்லாவற்றினும் இன்றியமையாத மாற்றம் குள்ளர்களைப் பற்றியது. மூலக்கதையில் அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை, தனிக்குணமும் இல்லை. படமோ உறங்குபவர், தும்முபவர், நாணுபவர், மகிழ்பவர், சிடுசிடுப்பவர், தலைமை தாங்கித் தடுமாறுபவர், பேசாத வெகுளி என எழுவரையும் ஏழு மனிதர்களாக்கியது. தனிக்குணம் உடையவரையே நாம் நேசிக்கிறோம். நேசித்தவரின் துயரே நம்மைத் தொடுகிறது.

கதையை நடத்தும் பாடல்கள்

படத்தின் பாடல்களுக்கு பிராங்க் சர்ச்சில் இசையமைத்தார். வரிகளை லாரி மோரே எழுதினார். அப்பாடல்கள் கதைக்கு இடையே ஒட்டவைக்கப்பட்ட அணிகலன்கள் அல்ல. கிணற்றடியில் இளவரசி தன் விருப்பத்தைப் பாட, கிணறு எதிரொலிக்கிறது. அவ்வொலியே இளவரசனை ஈர்த்து வருகிறது. சுரங்க வேலை முடித்துக் குள்ளர்கள் பாடியபடி வீடு திரும்பும்போது, அவர்களின் உழைப்பையும் தோழமையையும் நாம் உணர்கிறோம். அவர்கள் வீட்டிலோ முன்பின் அறியாத விருந்தாளி ஒருத்தி உறங்கிக்கொண்டிருக்கிறாள். பாடலின் தாளமே நம்மை அடுத்த காட்சியின் வாயிலில் கொண்டுசேர்க்கிறது.

கைகளின் உழைப்பு

படம் ஓடும் நேரம் 83 நிமிடங்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் எனக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1,20,000 சட்டகங்கள் ஆகின்றன. ஓர் ஓவியத்தையே இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்துவதும் உண்டு. எனினும் ஒரே சட்டகத்தில் பல உருவங்கள் அசையும்போது வரைய வேண்டியவை பெருகும். பென்சிலால் வரைந்த ஒவ்வோர் உருவத்தையும் செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுத்து, பின்புறத்தில் வண்ணம் தீட்டினர். இந்நுண்பணியைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள்.

மனித உருவம் மெய்யாகத் தோன்றவேண்டும் என்பதற்காக ஓவியர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்தப்பட்டன. இளம் நடனக் கலைஞர் ஒருவரை இளவரசியாக நடிக்கச்செய்து, அப்படச்சுருளைக் கண்டு உடலசைவைக் கற்றனர்.

இத்தனை உழைப்பும் கதைக்கு முன் பணிந்தது. குள்ளர்கள் கூழ்ச்சாறு குடிக்கும் நகைச்சுவைக் காட்சியை வார்டு கிம்பால் என்னும் ஓவியர் முழுமையாக வரைந்திருந்தார். காட்சி சிறப்பாகவே இருந்தது. எனினும் கதையின் ஓட்டத்தைத் தடுத்ததால் நீக்கப்பட்டது.

தெரியுமா?
ஓவியத்துக்கு ஆழம் தரப் பல்தளப் படக்கருவி பயன்பட்டது. மரம், குடில், மலை ஆகியவற்றைத் தனித்தனிக் கண்ணாடித் தளங்களில் தீட்டி, அவற்றை வெவ்வேறு தொலைவில் அடுக்கி, மேலிருந்து படம்பிடிப்பர். அருகிலுள்ளவை விரைவாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் நகர்வதால், தட்டையான ஓவியம் ஆழமுடைய காடாகிறது.

அசையாமையின் ஆற்றல்

உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்பட்டுக் காண்பார்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்கிறது நம் இலக்கண மரபு. தொல்காப்பியம் அதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. அசைவூட்ட ஓவியரின் பணியும் இதுவே. அவர் வரையும் உருவத்துக்கு உள்ளம் இல்லை. உடற்குறிப்பை மட்டும் கொண்டு அவர் ஓர் உள்ளத்தைப் படைக்க வேண்டும்.

இறந்ததாகக் கருதப்படும் இளவரசியைச் சூழ்ந்து குள்ளர்கள் நிற்கும் காட்சியை பிராங்க் தாமஸ் வரைந்தார். அங்கு உரையாடல் இல்லை. மெழுகுவத்திகள் எரிகின்றன, தாழ்ந்த குரலில் இசை ஒலிக்கிறது. உருவங்கள் ஏறத்தாழ அசைவதே இல்லை. தொடக்கம் முதல் அவளை வெறுப்பவர்போல் நடந்துகொண்ட சிடுசிடுப்பவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்முகிறார். அசைவையே உயிராகக் கொண்ட கலை, இங்கே அசையாமையால் வென்றது.

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கார்த்தே சர்க்கிள் அரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. திரையுலகினர் நிறைந்திருந்த அவ்வரங்கில் பலரும் கண்ணீர் வடித்தனர். இறுதியில் எழுந்து நின்று கைதட்டினர். நகைத்த உலகம் நெகிழ்ந்தது. 1939இல் இப்படத்திற்காக டிஸ்னிக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டது. ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளுமாக அமைந்த அவ்விருதைப் பத்து வயதுக் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் அளித்தார்.

இன்றைய பார்வையில்

காலம் மாறப் பார்வையும் மாறுகிறது. இளவரசி தன் வாழ்வைத் தானே மாற்ற முயலாமல் மீட்பனுக்காகக் காத்திருக்கிறாள். பெண்ணின் மதிப்பு அழகால் அளக்கப்படுகிறது. வீட்டுவேலை இயல்பாகவே அவளைச் சேர்கிறது. இக்குறைகளைக் காணாததுபோல் கடப்பது நல்ல சுவைஞருக்கு அழகன்று. அவற்றைச் சுட்டிவிட்டுப் படத்தின் கலைவெற்றியை மறுப்பதும் முறையன்று. இரண்டையும் ஒருங்கே காண்பதே திறனாய்வு.

இன்று கணினி நொடிப்பொழுதில் ஒரு காட்டையே உருவாக்கிவிடும். கருவி வளர்ந்திருக்கிறது, வினா மாறவில்லை. காண்பவரின் நெஞ்சை இது தொடுமா என்பதே அவ்வினா. முகம் திருப்பி விம்மிய அந்தச் சிறிய கோட்டோவியம், தொடமுடியும் என்று இன்றும் விடை கூறிக்கொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. நீங்கள் அறிந்த நாட்டார் கதை ஒன்றின் கதைமாந்தர் மூவருக்குத் தனிக்குணமும் அதற்கேற்ற உடற்குறிப்பும் அமைத்து எழுதுக.
2. உரையாடலே இல்லாமல் துயரத்தை உணர்த்திய திரைக்காட்சி ஒன்றைத் தேர்ந்து, அது எவ்வாறு உணர்த்தியது என வகுப்பில் கலந்துரையாடுக.