கசப்பு நீரை வடிக்க வேண்டிய நேரம்

கேள்வி:

எனக்கு 34 வயது. தூத்துக்குடி பக்கத்தில் மாப்பிள்ளையூரணியில் இருக்கிறேன். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். சிற்றிதழ்களில் மூன்று கதைகள் வந்த தைரியத்தில், ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக வந்துவிட்டேன். சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு, சமையல் குறிப்பு, ஆன்மிகக் கட்டுரை என்று எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கணக்கு.

முன்பெல்லாம் காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு கட்டுரை முடிந்துவிடும். இந்த ஆறு மாதமாக லேப்டாப்பைத் திறந்தாலே நெஞ்சு கனக்கிறது. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பதினொரு மணி வரை ஒரு வரி நகர மாட்டேன் என்கிறது. யார் போன் செய்தாலும் எரிச்சல் வருகிறது. ஒரு கம்பெனி நாலு மாதமாகப் பணம் தரவில்லை. இன்னொரு இடத்தில், கம்ப்யூட்டர் எழுதியதைத் திருத்திக் கொடுத்தால் போதும், பாதித் தொகைதான் என்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. பாதியில் நிற்கிற என் கதை நோட்டைத் தொட்டே இரண்டு வருஷம் ஆகிறது.

அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் வெயிலில் நின்றவர். நான் ஃபேனுக்கு அடியில் இருந்துகொண்டு முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. “வீட்லதான இருக்கா” என்று அக்கம்பக்கத்தில் பேசுவதும் காதில் விழுகிறது. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? எழுத்து என்னை விட்டுப் போய்விட்டதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மாப்பிள்ளையூரணி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வேலை செய்யாமல் இருப்பது சோம்பேறிக்குச் சுகமாக இருக்கும். இரண்டு மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நெஞ்சு கனக்க உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி ஆக முடியாது. அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். உடம்பும் மனசும் வற்றிப்போன களைப்பு. வேலையின் மீதும் அதைத் தருகிறவர்கள் மீதும் வந்துவிட்ட எரிச்சல். ‘இனி எனக்கு எழுத வராது’ என்கிற நம்பிக்கையிழப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்கு ‘பர்ன்அவுட்’ என்று பெயர். 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதினார். இன்னொரு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளந்து பார்க்கும் கேள்வித்தாளை 1981-இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பிலும் இது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அங்கே இதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, தீராத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றே சொல்லியிருக்கிறார்கள். பழுது வேலையின் அமைப்பில் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். அதனால் ஊக்கம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அமைப்பைச் சரிசெய்தால் ஊக்கம் மெல்லத் திரும்பும்.

அதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலையில்லாத நாளிலும், பிடித்தவர்களோடு இருக்கும்போதும் இதே வெறுமை இருக்கிறதா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? ‘நான் இல்லாமல் போனால் என்ன’ என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் அப்பாவிடம் வருகிறேன். அவர் பட்ட பாட்டையும் உங்கள் பாட்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறீர்கள். அதை விட்டு, அவர் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பாத்தியில் உப்புநீர் வெயிலில் காய்ந்து காய்ந்து, அதன் அடர்த்தி 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளைகிறது. அதே நீரை விட்டுவைத்தால் அடர்த்தி மேலும் ஏறும். 30 டிகிரியை நெருங்கும்போது மிஞ்சியிருப்பது மக்னீசியம் மண்டிய கசப்பு நீர். அதை வடித்துவிட்டுப் புது நீர் பாய்ச்ச வேண்டும். வடிக்காமல் மேலும் மேலும் வாரினால் உப்பே கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். அப்போது வாருகிறவரின் கையை யாரும் குறை சொல்வதில்லை. மண்ணையும் குறை சொல்வதில்லை. தண்ணீரை மாற்றுவார்கள்.

ஒன்பது வருஷமாக நீங்கள் ஒரே நீரில் வாரிக்கொண்டிருக்கிறீர்கள். எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் சுபாவம் கெட்டுப்போனதால் வந்ததாக நினைக்க வேண்டாம். வடிக்காமல் விட்ட கசப்பு அது.

எப்படி வடிப்பது?

முதலில் கணக்கெடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டு எழுதுங்கள்: செய்த வேலை, எடுத்த நேரம், வந்த பணம், முடித்தபின் மனசு எப்படி இருந்தது. எழுதிய நேரத்தோடு, திருத்தம் கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் சொன்ன நேரத்தையும், பணம் கேட்டு நினைவூட்டிய நேரத்தையும் சேருங்கள். மாஸ்லாக்கும் உளவியலாளர் மைக்கேல் லைட்டரும், அடைபட்டால் பர்ன்அவுட்டில் கொண்டுபோய் விடும் ஆறு ஊற்றுக்கண்களைச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, நம் கையில் இருக்கும் கட்டுப்பாடு, கிடைக்கும் பலன், கூட்டாளிகள், நியாயம், நம் மதிப்பீடுகள். பளுவை மட்டும் குறைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் சோர்வு திரும்பி வரும். உங்களுக்கு ஆறும் அடைபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எது அதிகம் அடைபட்டிருக்கிறது என்பதை அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும். நேரத்தை அதிகம் தின்று, காசைக் குறைவாகத் தந்து, கசப்பை மிச்சம் வைக்கிற ஒரே ஒரு வாடிக்கையாளரை முதலில் விடுங்கள். ஒருவர் போதும். ‘இந்த மாதம் புது வேலை எடுக்கவில்லை’ என்ற ஒரு வரி போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, பணம். எழுத்து வராததற்குப் பாதிக் காரணம் வராத பணம்தான் என்பது என் அனுபவம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில், சேவை தரும் தனிநபரும் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். ‘உத்யம்’ என்ற அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். பதிவு செய்தவரின் வேலையை ஏற்றுக்கொண்டவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிட மாநிலத்தில் வசதியாக்க மன்றம் இருக்கிறது. வேலையை முடித்த பிறகு செய்யும் பதிவு பழைய பாக்கிக்கு உதவுமா என்பதில் சிக்கல் உண்டு, அதனால் இனி வரும் வேலைக்காவது இப்போதே பதிந்துவிடுங்கள். புது ஆளிடம் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து பாருங்கள். கட்ட வேண்டிய வரிக்கு மேல் பிடித்தது திரும்ப வரும்.

கம்ப்யூட்டர் எழுதியதைத் திருத்தும் வேலையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஏற்றால் சொல் கணக்கில் வாங்காதீர்கள், மணிக்கணக்கில் வாங்குங்கள். உயிரில்லாத வாக்கியத்துக்கு உயிர் கொடுப்பது சில நேரம் புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

மூன்றாவது, ஓய்வு. உங்கள் கடற்கரையில் ஓய்வு என்பது யாருடைய மனநிலையையும் பொறுத்ததில்லை, அது காலண்டரில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. வலை பின்னுவதும் படகைப் பழுதுபார்ப்பதும் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளமும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாயை அரசு 2022-இல் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் அப்பாவின் தொழிலில் கூலி குறைவு, வெயில் கொடுமை. இருந்தும் அதற்கு ஒரு மழைக்காலம் உண்டு. உங்கள் தொழிலுக்கு அதுகூட இல்லை. நீங்களேதான் அதை உண்டாக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், மாலை ஏழு மணிக்குப் பிறகு தினமும், ஆண்டில் பத்து நாள் தொடர்ச்சியாக உங்கள் தடைக்காலம் இருக்கட்டும். வரும் ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். உங்கள் நிவாரண நிதி அது. அந்த நாட்களில் போனில் கதை பார்த்துக் கண்ணைக் கெடுக்காமல் நடங்கள், தூங்குங்கள், யாரோடாவது பேசுங்கள்.

நான்காவது, உங்கள் சொந்த எழுத்து. எழுதாமல் இருந்த இரண்டு வருஷத்தை நினைத்துப் பதறாதீர்கள். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-இல் வந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அவர் எழுதாமல் இருந்தார். திரும்பி வந்தவர் 1981-இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ தந்தார். அவருக்குக் குடும்பத் தொழிலாக நாகர்கோவிலில் ஒரு துணிக்கடை இருந்தது, மௌனம் அவர் அடுப்பை அணைக்கவில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் திட்டமிட்டு நிறுத்தச் சொல்கிறேன்.

சும்மா விட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக்கு முன், சிப்பி விளையும் பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் குளிக்க விட்டார்கள். பல ஆண்டுகள் கடலுக்கு ஓய்வு கிடைத்தது. 1961-இல் தூத்துக்குடியில் நடந்ததுதான் கடைசிச் சலாபம். அதன்பின் எத்தனை ஆண்டு விட்டுவைத்தும் பார் பழையபடி விளையவில்லை. ஓய்வோடு பராமரிப்பும் வேண்டும். ஆகவே நாளுக்கு இருபது நிமிடம், வேலை தொடங்கும் முன், லேப்டாப்பில் இல்லாமல் கையால் எழுதுங்கள். நன்றாக வர வேண்டும், யாருக்காவது அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் வேண்டாம்.

கடைசியாக, தனிமை. முத்துக் குளிப்பவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மச்சான்தான் பிடிப்பார் என்று கடற்கரையில் சொல்வார்கள். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டார் என்ற நம்பிக்கை. உங்கள் கயிற்றைப் பிடிக்க ஒருவர் வேண்டும். இதே தொழிலில் இருக்கும் ஒரு தோழி போதும். வாரம் ஒரு முறை பேசுங்கள். யார் எவ்வளவு தருகிறார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள் என்பதை மறைக்காமல் பகிர்ந்துகொள்ளுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். அப்பாவிடம் மறைப்பதற்கே பாதித் தெம்பு போய்விடுகிறது.

அவரிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்கினால், ஒரு வழி சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் வெளியூரிலிருந்து வந்து, நேரில் பார்த்து, கேட்டு, ‘கரிப்பு மணிகள்’ நாவலாக எழுதினார். உங்களுக்கு அந்த வாழ்க்கை உள்வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கசப்பு நீரை எப்போது வடிப்பீர்கள், அது வந்துவிட்டதை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்கிற சொல்லிலேயே ஒரு பக்கம் எழுதிவையுங்கள். நாளைக் காலையின் இருபது நிமிடத்துக்கு அது போதும்.