அருங்காட்சியகப் படங்கள் யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, ஆண்டு மலருக்காகச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பார்வதி சிலையின் படத்தை இணையத்தில் தேடியெடுத்து அத்துடன் சேர்த்திருந்தாள். மலருக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு ஓர் ஐயம்: “அமெரிக்காக்காரர்கள் எடுத்த படத்தை நாம் அச்சிடலாமா? வழக்குப் போட்டால் என்ன செய்வது?” கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் இயற்பியல் கற்பிப்பவன், வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் இக்கேள்வியில் சட்டம் பாதி என்றால், ஒளியியல் மறுபாதி.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பத்தாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. ஆனால் அச்சிலையைப் படமெடுத்தவருக்கு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி (2012இல் திருத்தப்பட்டவாறு), வெளியான ஒளிப்படத்திற்குப் படமெடுத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஓவியத்தை நேர் எதிரே நின்று அப்படியே நகலெடுப்பது வேறு. அத்தகைய நகலில் புதிய படைப்பு ஏதும் இல்லை என்று 1999இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. சிலையோ முப்பரிமாணப் பொருள். விளக்கை எங்கே வைப்பது, நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், எந்தக் கோணத்தில் நிற்பது என்பனவெல்லாம் படமெடுப்பவரின் முடிவுகள்.

உரிமை உடையவர் தாமாகவே அதை விட்டுக்கொடுக்கலாம் அல்லவா? பாரதியாரின் படைப்புகள் நாட்டுடைமையானதை அறிவீர்கள். யாரும் அனுமதி கேளாமல் அவற்றை அச்சிடலாம். ஏறக்குறைய அதைப் போன்றதுதான் ‘சி.சி. ஜீரோ’ என்னும் முத்திரை. 2001இல் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு இத்தகைய உரிமங்களை வகுத்துள்ளது. அவற்றுள் ‘பி.ஒய்.’ என்றிருந்தால் எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ‘என்.சி.’ என்றிருந்தால் வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது. ஜீரோ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை இவ்வாறு விடுவித்தது. 2020இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் 28 லட்சம் படங்களை விடுவித்தது. எனவே பார்வதியின் படத்திற்கு அடியில் அம்முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சிடச் சொன்னேன். இருந்தது. அச்சிட்டார்கள்.

இதனால் ஆண்டு மலருக்கு ஒரு படம் கிடைத்தது. அவ்வளவுதானா பயன் என்று கேட்பீர்கள்.

எங்கள் ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் போனால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் 1956 முதல் தென்னகக் கோயில்களுக்குச் சென்று, சிலைகளையும் கட்டடங்களையும் படமெடுத்துச் சேர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். திருட்டைக் கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கமே அன்று, கலை வரலாறுதான் நோக்கம்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலும் 1994இல் அவ்வாறு படமெடுத்தார்கள். பிற்பாடு அங்கிருந்த நடராசர் திருடுபோனார். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு நடராசரை வாங்கிற்று. புதுச்சேரிப் படத்தையும் கலைக்கூடம் வெளியிட்ட படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

எல்லா நடராசரும் ஒரே மாதிரிதானே, எப்படி அடையாளம் காண்பது? இங்கேதான் வார்ப்பு முறை கைகொடுக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். பின்னர் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஓர் அச்சில் ஒரே சிலை. ஆகவே திருவாசியின் சுடர்கள், வார்ப்பில் விழுந்த குழிகள், உளி பட்ட தடங்கள், பூசையில் தேய்ந்த இடங்கள் யாவும் கைரேகைபோல் அதற்கே உரியவை.

அவை படத்தில் தெரிய வேண்டுமே! ஒரு கணக்குப் போடுவோம். மெட்ரோபாலிடன் பார்வதியின் உயரம் ஏறத்தாழ 70 செ.மீ., அதாவது 700 மி.மீ. படத்தில் சிலையின் உயரம் 200 படப்புள்ளிகள் என்றால், ஒரு புள்ளி சிலையில் 3.5 மி.மீ. நீளத்தைக் குறிக்கும். ஒரு தழும்பைப் பிரித்தறியக் குறைந்தது இரண்டு புள்ளிகளாவது வேண்டும். எனவே 7 மி.மீ.க்குக் குறைவான எதுவும் தெரியாது. 3,500 புள்ளிகள் உள்ள படத்தில் ஒரு புள்ளி 0.2 மி.மீ.தான். அரை மில்லிமீட்டர்க் கீறலும் தெரியும். பல அருங்காட்சியகங்கள் தபால்தலை அளவுப் படத்தை மட்டும் இணையத்தில் காட்டிவிட்டு, ‘பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளோம்’ என்கின்றன. எனக்கு இது பாதிக் கதவைத் திறந்ததாகவே படுகிறது. சிறிய படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் விவரம் கூடாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெரிதாக்கித் தருவதோ இன்னும் ஆபத்து. இல்லாத கீறலைக் கற்பனையாக வரைந்துவிடும்.

மற்றொரு சிலையின் கதை இதைவிட எனக்கு வருத்தம் தருவது. கும்பகோணம் வட்டாரப் பெருமாள் கோயில் ஒன்றில் இருந்த திருமங்கையாழ்வார் சிலையை 1957இல் படமெடுத்தார்கள். 1967இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் லண்டன் ஏலத்தில் ஓர் ஆழ்வாரை வாங்கியது. அதுவே இதுவென்று ஓர் ஆய்வாளர் இரு படங்களையும் ஒப்பிட்டுச் சொன்னது 2019இல். சிலையைத் திருப்பித்தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024இல் இசைந்தது. சாட்சியான படம் ஏலத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பே புதுச்சேரியில் இருந்தது. இரண்டு படங்களும் ஒருவர் கண்ணில் சேர்ந்து படுவதற்கு ஏலத்திலிருந்து 52 ஆண்டுகள் ஆயின!

படங்களை வெளியிட்டால் திருடனுக்கும் வழிகாட்டியாகாதா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான அச்சந்தான். எந்தச் சிலை எந்த அறையில், பூட்டு எப்படி என்பதை வெளியிட வேண்டியதில்லை. கருவறைக்குள் படமெடுக்கக் கூடாது என்னும் வழக்கத்தையும் நாம் மதிக்கலாம். ஆனால் நல்ல படம் ஊரறிய இருக்கும் சிலையை விற்பது கடினம். வாங்குபவன் எங்கே காட்சிக்கு வைத்தாலும் அகப்பட்டுக்கொள்வான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். உங்கள் ஊரில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் நடுகல்லையோ, ஏரிக்கரைக் கற்சிலையையோ ஊராரிடம் கேட்டுக்கொண்டு படமெடுங்கள். காலை எட்டு மணிக்குள் எடுத்தால் சாய்ந்த ஒளியில் புடைப்புகள் நன்கு தெரியும். உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். பக்கத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்துங்கள். முன், பின், இரு பக்கங்கள், பிறகு உடைந்த இடங்கள் என்று தனித்தனியே எடுங்கள். தேதி, ஊர், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, எந்த உரிமத்தில் தருகிறீர்கள் என்பதையும் அடியில் குறியுங்கள்.