மூச்சை எண்ணாத கையேடு

அன்பு மகளுக்கு,

துணை சுகாதார நிலைய நர்சுகளுக்கென்று நீ எழுதிய தொலைமருத்துவப் பயிற்சிக் கையேட்டை, வில்லியனூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி கொடுத்தனுப்பினாள். இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவச் சேவை எதற்கு, தூரத்து ஏனாம்காரர் ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க என்ன பாடுபடுகிறார் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே சண்டைக்கு வருகிறேன்.

லாகின், கேமரா கோணம், மைக், நெட் அறுந்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். மூச்சுக்கு ஒரே வரி: 'ரெஸ்பிரேஷன் பதிவு செய்யவும்.' பதிவு செய்வார்கள்! எல்லா கேஸ் ஷீட்டிலும் 18, இல்லாவிட்டால் 20. வார்டில் டாக்டர் கட்டிலருகே வந்து, குழந்தையின் விலா உள்ளே இழுப்பதைத் தானே பார்த்துக்கொள்வார்; பொய்யான 18 அங்கே பிழைத்துப் போகும். திரையில் அவருக்கு முகம்தான் தெரியும். குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, அது அழாமல் இருக்கும்போது, நொடி முள்ளைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே வேக மூச்சு. இருமலோடு வந்த குழந்தையென்றால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குக் கிறுக்கு என்று மாணவிகள் சொல்வார்கள். சொல்லட்டும்.

இன்னொரு எரிச்சல். 'நோயாளியைக் கேமரா முன் உட்கார வைத்துவிட்டு நர்ஸ் ஒதுங்கி நிற்கவும்' என்கிறாயே, ஏன் ஒதுங்க வேண்டும்? நான் காரைக்காலில் இருந்த காலத்தில் புதுச்சேரிக்கு டிரங்க் கால் போட்டுத்தான் டாக்டரிடம் கேட்போம். லைன் கிடைத்தால் மூன்று நிமிஷம். நாங்கள் சொல்வதுதான் அவருக்கு நோயாளி. அதனால் போனைத் தொடும் முன்பே கால் வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, இமையை இறக்கிப் பார்த்து, பி.பி.யை இரண்டு தடவை எடுத்து எழுதி வைத்துக்கொள்வோம். எங்கள் மேட்ரன் போனில் பேசுவதைக் கேட்கவே வாசலில் கூட்டம் நிற்கும். பிரெஞ்சு வாசனை அடிக்கும் தமிழ். ஒரு சொல் வீணாகாது. வீடியோ வந்ததும் நர்சின் வாய் அடைத்துவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் கேமராவுக்கு ரத்தசோகை தெரியாது, உன் விரலுக்கும் கண்ணுக்கும் தெரியும். 2020 மார்ச் 25 அன்று வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலே, சுகாதாரப் பணியாளர் வழியாக டாக்டரைக் கலந்தாலோசிப்பதைத் தனி வகையாக வைத்திருக்கிறது. அப்படி நாம் அழைத்தால் நோயாளியின் சம்மதத்தை வெளிப்படையாகக் கேட்டுப் பதிய வேண்டும். உன் கையேட்டில் அது எங்கே?

ஆனால் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அடடா! வெள்ளைப்படுதலைப் பற்றி மாமியார் முன்னால் மருமகள் வாய் திறக்க மாட்டாள், அதனால் மாமியாரைச் சர்க்கரை பார்க்கப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு டாக்டரை அழை என்று. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. இதை எழுதியவளிடம்தான் இவ்வளவு கோபப்பட முடியும்.

அடுத்த பதிப்பில் லாகின் பக்கங்களைப் பாதியாக வெட்டு. பயிற்சியின் முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்காதே. ஒவ்வொரு நர்சும் பக்கத்தில் இருப்பவளின் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணட்டும். பிறகு ஒரு கேஸைப் படமில்லாமல் போனிலேயே டாக்டரிடம் சொல்லட்டும். அவர் திருப்பிக் கேள்வி கேட்காத அளவுக்குச் சொல்லத் தெரிந்தவளிடம் மட்டும் கேமராவைக் கொடு.