ஸ்விட்சிலிருந்து கையை எடு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலிருந்து வந்த பிபிசி மைக்ரோ கணினியைக் காலையில் முதல் தடவை போட்டால் ஒரே சுருதியில் ஊளையிடுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது, நாலைந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டால் எழுந்துகொள்கிறது, அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். எந்த ஐசியை மாற்றலாம் என்றும் கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் மாற்றாதே. முதலில் அந்த ஸ்விட்சிலிருந்து கையை எடு.

அணைத்துப் போடுவது ரிப்பேர் ஆகாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர் காலியாக இருந்து ஒரே மூச்சில் நிரம்புகிறது. அந்த வேகத்தில் பாயும் கரண்ட் ஸ்விட்சின் முனைகளையும் டயோடுகளையும் தின்கிறது. அதைவிடக் கெடுதல், நீ தேடுகிற தடயமே அதில் அழிந்துபோகிறது. பழுது குளிர்ந்த நிலையில்தான் தலைகாட்டுகிறது என்றால், நாலு தடவை போட்டுச் சூடாக்கிய பிறகு மீட்டரை வைத்து என்ன காணப்போகிறாய்? இந்த மாதிரிப் பழுதில் ஒரு காலைக்கு ஒரு சோதனைதான் கிடைக்கும். எதைப் பார்க்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு, மீட்டர் முனைகளை முன்கூட்டியே மாட்டிவிட்டு, அப்புறம் போடு.

அந்த ஊளையை நீ ஒரு தொந்தரவாக எழுதியிருக்கிறாய். அது உனக்குக் கிடைத்த முதல் துப்பு. நல்ல நிலையில் இருக்கும் பிபிசி மைக்ரோ போட்டவுடன் இரண்டு சத்தம் தரும்: முதலில் தாழ்வாக ஒன்று, உடனே மேலே ஒரு ‘பீப்’. தாழ்ந்த சத்தம் யாரும் கேட்காமலே ஒலி ஐசி தானாக எழுப்புவது. மின்சாரம் வந்ததும் அது அப்படித்தான் கத்தத் தொடங்கும். 6502 பிராசசர் விழித்து, ரோமில் உள்ள நிரலை ஓட்டி, அதன் வாயை மூடிவிட்டு, தன் பங்குக்கு ஒரு ‘பீப்’ கொடுக்கிறது. ஆக, முதல் சத்தம் நிற்காமல் நீண்டால் ஒலி ஐசிக்கு மின்சாரம் வந்திருக்கிறது, பிராசசர் மட்டும் தன் வேலையைத் தொடங்கவில்லை. திரையைப் பார்க்காமலே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, குளிரில் படுத்து சூட்டில் எழுவதா, சூட்டில் படுத்து குளிரில் எழுவதா என்று பார். இரண்டும் வேறு வேறு நோய். சூடேறியதும் படம் கலைந்தால் பழைய வீடியோ யூஎல்ஏ ஐசியைச் சந்தேகிக்கலாம். ஆரம்பகாலத்து ஃபெரான்டி யூஎல்ஏ கை வைக்க முடியாதபடி சுடும், மேலே ஹீட் சிங்க் ஒட்டித்தான் ஓட்டினார்கள். உன் மெஷின் நேர் எதிர். குளிரில் படுப்பதென்றால் என் சந்தேகம் முதலில் போவது மின்பகு கெபாசிட்டர்மேல். நாற்பது ஆண்டில் உள்ளே இருக்கும் திரவம் வற்றிப்போகும், உள்மின்தடை ஏறும். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம். கொஞ்சம் சூடேறினால் இறங்கும். நீ நாலு தடவை போட்டபோது நடந்தது பெரும்பாலும் இதுதான்: அதற்குச் சூடு பிடிக்க வைத்திருக்கிறாய். இந்த பவர் சப்ளையில் 220 மைக்ரோஃபாரட் சின்னக் கெபாசிட்டர் ஒன்று உண்டு. அது வற்றினால் சப்ளை கிளம்பத் திணறும்.

சப்ளைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும், தங்கை, இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப எனக்கு மனசு வராது. நம் 230 வோல்ட் உள்ளே போய் டிசியாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெபாசிட்டரில் தங்கியிருக்கும். மீட்டர் வைத்து, இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்க்காமல் விரல் வைக்காதே. வீட்டில் தனியாக இருக்கும்போது திறக்கவே திறக்காதே. உள்ளே மின்வாசல் பக்கம் தேன் நிறத்தில், உறை விரிசல் விட்டபடி இரண்டு காகிதக் கெபாசிட்டர் இருக்கும்: 0.1, 0.01 மைக்ரோஃபாரட். விரிசல் வழியே ஈரம் புகுந்து ஒரு நாள் புகைந்து நாறடிக்கும். பழுதுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் அவற்றை மாற்றிவிடு, எக்ஸ்2 தரத்தில் மட்டும். சாதாரணக் கெபாசிட்டரை அந்த இடத்தில் வைக்கக் கூடாது.

சப்ளையைத் தனியாகச் சோதிக்கும்போது சும்மா ஓட்டாதே. 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாக மாட்டு. பாதுகாப்புக்கு சீரிஸ் பல்பு போடுவதானால் 100 வாட் குண்டு பல்பு போடு. சின்ன பல்பு போட்டால் நல்ல சப்ளையும் கிளம்பாமல் ‘டிக் டிக்’ என்று தடுமாறும், நீ இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பாய்.

5 வோல்ட்டை சப்ளை முனையில் அளந்து திருப்திப்படாதே. பிராசசர் காலில் அள. 4.75-க்குக் கீழே போனால் இந்தத் தலைமுறை ஐசிகளுக்குப் பொறுப்பு கிடையாது. சப்ளையிலிருந்து போர்டுக்கு மூன்று ஜோடி சிவப்பு-கறுப்பு ஒயர் வருகிறது, தட்டையான முனைகளில் சொருகியிருக்கும். களிம்பு ஏறினால் அங்கேயே கால் வோல்ட் தொலைந்துபோகும். கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப இறுக்கமாகச் சொருகு. ரோம் ஐசிகளையும் சாக்கெட்டில் ஒரு தடவை அழுத்திவிடு.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் காலையில் ஊளையிட்டால் அணைக்காதே, பிரேக் விசையைத் தட்டு. அதற்கு எழுந்துகொண்டால் பிராசசர், ரோம் எல்லாம் நலம். கோளாறு இதுதான்: மின்சாரம் நிலைக்கும் முன்பே ரீசெட் விட்டுவிடுகிறது. 555 டைமரையும் அதைச் சுற்றியுள்ள கெபாசிட்டரையும் பார். 6502-இன் 40-ஆம் காலில் லாஜிக் ப்ரோப் வைத்தால் தெரிந்துவிடும். பிரேக்குக்கு அசையாமல், அணைத்துப் போட்டால் மட்டும் எழுகிறதா? சிஸ்டம் விஐஏ ஐசியை பிரேக் விசை ரீசெட் செய்வதில்லை, மின்சாரம் வரும்போது மட்டுமே அது ரீசெட் ஆகும். அப்போது உன் கவனம் அந்தப் பக்கம் போகட்டும். நடுவில் எப்போதாவது அணைக்க நேர்ந்தால் ஒரு நிமிஷமாவது விட்டுப் போடு.

இவ்வளவு நிதானம் ஒரு பழைய பெட்டிக்குத் தேவையா என்று உன் கடையில் கேட்பார்கள். 1984-இல் இந்திய அரசு பிள்ளைகளுக்குக் கணினி கற்றுத்தர கிளாஸ் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளுக்குப் போனவை இந்த பிபிசி மைக்ரோக்கள். மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் அவற்றை இங்கேயே தயாரித்தும் கொடுத்தது. நம் நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் விசைப்பலகையை முதன்முதலாகத் தொட்டது இதில்தான். அப்படிப்பட்ட மெஷினில் சந்தேகத்தின் பேரில் பத்து ஐசியைப் பிடுங்குவது எனக்குச் சம்மதமில்லை. போர்டின் செம்புக்கோடுகள் அதைத் தாங்காது.

வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, மாற்றிய பாகங்கள், பிராசசர் காலில் அளந்த வோல்ட்டேஜ் மூன்றையும் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு, பள்ளிக்குத் திருப்பிக் கொடு. அவர்களிடம் மாதம் ஒரு தடவை போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்